ஆழமில்லாத பவளத்திட்டில் ஸ்கூபா டைவிங்: செட்டிநாட்டுப் பக்கம் இருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று நம் பக்கத்து ஊர்களில் இருந்து ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) செய்ய அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. டிக்கெட் போட்ட பிறகு கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன். பெரும்பாலும் அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவை மனதில் வைத்து எழுதியது. 2018 கடைசியில் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு என்று மாறியது, இன்னும் எல்லோரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கை, லட்சத்தீவு, மலேசியா எங்கே போனாலும் ஆழமில்லாத பவளத்திட்டு என்றால் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

நீச்சல் தெரியாது. போகலாமா?

போகலாம். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு என்றே ஒரு டைவ் இருக்கிறது, டிஸ்கவர் ஸ்கூபா என்பார்கள். பயிற்சியாளர் கூடவே வருவார், பெரும்பாலான நேரம் உங்கள் சிலிண்டரையோ ஜாக்கெட்டையோ பிடித்தபடியே இருப்பார். பத்து வயது ஆகியிருக்க வேண்டும், 12 மீட்டருக்குக் கீழே இறக்கக் கூடாது, இவை பொதுவான விதிகள். நடைமுறையில் ஆறு ஏழு மீட்டரிலேயே முடிந்துவிடும்.

சான்றிதழ் வாங்கி நீங்களாகவே ஒரு துணையோடு இறங்க வேண்டும் என்றால் கதை வேறு. ஓப்பன் வாட்டர் படிப்புக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள்.

என் கருத்து: முதல்முறைதான் என்றாலும் போவதற்கு முன்னால் மல்லாக்க மிதக்கவாவது பழகிக்கொண்டு போங்கள். முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுகிறவர்கள் போட்டோவோடு திரும்பி வருவார்கள், மீனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சின்ன வயதில் ஊருணியில் தம் கட்டி முக்குளித்துப் பழக்கம் உண்டு. அது கை கொடுக்குமா?

தண்ணீர்ப் பயம் இல்லாமல் இருக்கக் கை கொடுக்கும். ஆனால் அந்தத் தம் கட்டுகிற பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும், இதில் விளையாட்டே கிடையாது. ஊருணியில் மேலே இழுத்த காற்றோடு உள்ளே போய் அதே காற்றோடு வெளியே வருகிறீர்கள், நுரையீரல் கீழே சுருங்கி மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அதோடு சரி. ஸ்கூபாவில் கீழேயே இருந்துகொண்டு, கீழே இருக்கும் அழுத்தத்தில் காற்றை இழுக்கிறீர்கள். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். பத்து மீட்டர் கூட வேண்டாம், ஒன்றேகால் மீட்டரில் இருந்து மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தாலே ஆபத்து உண்டு. ஆழமில்லாத இடம்தானே என்ற அலட்சியம் இந்த ஒரு விஷயத்தில் உதவாது, ஏனென்றால் அழுத்தம் மிக வேகமாக மாறுவது மேலே உள்ள பத்து மீட்டரில்தான்.

ஆகவே இழுங்கள், விடுங்கள், இழுங்கள், விடுங்கள். நிறுத்தவே கூடாது. வாயில் வைத்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் நழுவிவிட்டால் கூட, அதைத் திரும்ப எடுத்து வைக்கும் வரை சின்னச் சின்னக் குமிழியாக ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லித் தருவார்கள்.

ஆக்சிஜன் நடுவில் தீர்ந்துவிட்டால்?

முதலில், அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றை வடிகட்டி, அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது.

அப்புறம் கணக்கு. வழக்கமாகத் தரும் அலுமினியம் சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் அழுத்தத்தில் அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். நிதானமாக மூச்சு விடுகிறவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள், ஐந்து மீட்டரில் அது 30 லிட்டர், பத்து மீட்டரில் 40. கடைசி 50 பாரைத் தொடாமல் மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம், அதைக் கழித்தால் ஐந்து மீட்டரில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் நிற்கும், பத்து மீட்டரில் நாற்பதுதான். பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தால் இதெல்லாம் பாதியாகிவிடும். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மானி உங்கள் ஜாக்கெட்டிலேயே தொங்கும், பயிற்சியாளரிடம் இரண்டாவது வாய்க்குழாய் ஒன்று உபரியாக இருக்கும்.

காது வலிக்குமாமே?

கவனிக்காவிட்டால் வலிக்கும், முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், காதுக்குள் ‘பக்’ என்று திறந்துகொள்ளும். வலி வந்த பிறகு ஊதாதீர்கள், வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஊதிக்கொண்டே இறங்குங்கள். திறக்கவில்லையா, அரை மீட்டர் மேலே ஏறி மறுபடியும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை போய்விடும்.

சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். பணம் கட்டியாயிற்றே என்று மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கீழே இருக்கும்போது மாத்திரையின் வேகம் தணிந்து மறுபடி அடைத்துக்கொண்டால் ஏறும்போது காற்று வெளியே வர வழி இருக்காது.

மீசையை எடுக்க வேண்டுமா? மூக்குக் கண்ணாடி?

மீசை முழுதாக எடுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழே மாஸ்க்கின் விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு மழித்துக்கொண்டால் போதும், தண்ணீர் கசிவது வெகுவாகக் குறையும். பார்வைக் குறைபாட்டுக்குப் பவர் போட்ட மாஸ்க் பல கடைகளில் வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மென்மையான காண்டாக்ட் லென்ஸும் போடலாம்.

தண்ணீர் உள்ளே வந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு இதை அலுக்கும் வரை செய்து பாருங்கள். மற்ற எதையும்விட இந்த ஒன்று நன்றாக வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வெறும் ஆறு மீட்டரில் என்ன பார்த்துவிட முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கேட்கிறவர்கள் எல்லோரும் ஆழம் அதிகமானால் அழகும் அதிகம் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். உண்மை நேர் எதிர். பவளம் ஒரு உயிரி, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலை வைத்துச் சமைத்துத் தருவதில்தான் அதன் பிழைப்பு நடக்கிறது. வெயில் எங்கே விழுகிறதோ அங்கேதான் திட்டும் அடர்த்தியாக வளரும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை, ஐந்து மீட்டருக்குக் கீழே போகப் போகச் சிவப்பெல்லாம் பழுப்பாகத் தெரியும். இருபது மீட்டரில் விளக்கு இல்லாமல் பார்த்தால் எல்லாமே நீலச் சாம்பல்தான். மூன்றில் இருந்து எட்டு மீட்டர் வரை, காலை பத்து மணி வெயிலில், கடல் அமைதியாக இருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

நீந்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பவளப்பாறைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே மிதந்தால் போதும். முதலில் எல்லா மீனும் ஒதுங்கும், பிறகு நீங்கள் இருப்பதையே மறந்துவிடும். அப்போது பார்க்கலாம், விரல் நீளத்தில் நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு சின்ன மீன் ஒரு இடத்தை விட்டு நகராமல் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் பெரிய களவாய் மீன் வந்து நிற்கும், வாயைப் பிளக்கும், செவுளைத் திறந்து கொடுக்கும், சின்னது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கொத்தித் தின்றுவிட்டு மறுபக்கம் வெளியே வரும். ஒரே கடியில் விழுங்கக்கூடிய மீன் விழுங்காமல் நிற்கிறது, பின்னால் இன்னொன்று தன் முறைக்குக் காத்திருக்கிறது. இதைப் பார்க்க நாலு மீட்டர் போதும்.

காது கொடுத்தால் ‘கறுக் கறுக்’ என்று ஒரு சத்தம் அவ்வப்போது கேட்கும். கிளிமீன்கள் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசி தின்கிற சத்தம் அது. பாசியோடு சேர்ந்து உள்ளே போகும் சுண்ணாம்பு அரைபட்டுப் பின்னால் மணலாக வெளியேறும், பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு நல்ல பங்கு இப்படி வந்ததுதான்.

கோமாளி மீன் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒரு கடல் சாமந்திக்குள் (பூ மாதிரி இருக்கும் கடல் உயிரி, அனிமோன் என்பார்கள்) ஒரு குடும்பம் இருக்கும், அதில் பெரியதுதான் பெண், அடுத்தது ஆண், மீதி எல்லாம் பொடிசுகள். பெண் செத்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறிவிடும், பொடிசுகளில் பெரியது ஆணாகும். கிட்டே போனால் உங்கள் மாஸ்க்கையே முட்ட வரும், அது முட்டைக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம், தள்ளிப் போய்விடுங்கள்.

சுறா வருமா? வேறு எது கடிக்கும்?

ஆழமில்லாத திட்டுகளில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் துடுப்பு நுனி கறுத்த சின்ன வகைச் சுறாக்கள், உங்களைக் கண்டால் அவையே ஓடிவிடும். அஞ்சாலை (விலாங்கு போல நீண்ட மீன்) பொந்துக்குள் இருந்து வாயை வாயைத் திறக்கும், மூச்சு விடுவதற்காகத்தான், கையைப் பொந்துக்குள் விடாதவரை அது உண்டு அதன் வேலை உண்டு. சீலா மீன் கூட்டமாக வட்டமிடும், மினுக்கும் நகைகளைக் கழற்றி வைப்பது நல்லது.

நான் உண்மையிலேயே எச்சரிப்பது இரண்டைப் பற்றி. ஒன்று, கூடு கட்டியிருக்கும் பெரிய கிளாத்தி மீன். துரத்தினால் மேலே ஏறாதீர்கள், அதன் எல்லை கூட்டில் இருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும், பக்கவாட்டில் விலகுங்கள். இன்னொன்று கல்மீன். கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும், முதுகு முள்ளில் கடுமையான விஷம். எதையும் தொடாமல், எதன் மீதும் நிற்காமல் இருந்தால் அதனால் தொல்லை இல்லை. முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த கடற்கரையில், மாங்குரோவ் ஓடைப் பக்கத்தில் இறங்கவே இறங்காதீர்கள்.

ஒரு சின்னப் பவளத் துண்டு எடுத்து வரலாமா, கரையில் கிடப்பதுதானே?

கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடல் அட்டையும் அப்படியே. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

சட்டத்தை விடுங்கள். மூளை மாதிரி உருண்டையாகத் திரண்டு நிற்கும் பவளப்பாறைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றைப் பார்த்தால் அது நம் ஊரில் இன்று நிற்கும் பெரிய வீடுகள் பலவற்றுக்கும் முன்னாலேயே பிறந்தது. காலில் மாட்டும் ஃபின் (துடுப்பு) ஒரு உதை பட்டால் அதன் மேல்தோல் உரிந்துவிடும். ஆத்தங்குடி தளத்தில் ஒரு கீறல் விழுந்தால் மனம் பதறுகிறவர்கள் நாம், அதே கவனத்தைக் கடலுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சன் கிரீமில் ஆக்ஸிபென்சோன் இருந்தால் வாங்காதீர்கள். அது பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் விற்பனைக்கே தடை. முழுக்கை ரேஷ்கார்டு (தண்ணீரில் போடும் ஒட்டிய சட்டை) போட்டால் கிரீம் பெரிதாகத் தேவைப்படாது.

பவளம் எல்லாம் வெள்ளையாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். செத்துவிட்டதா?

வெளுத்திருக்கிறது. தண்ணீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும், எலும்பு தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் மீளும், இல்லையென்றால் பட்டினியில் சாகும், அதன் மேல் பாசி படர்ந்துவிடும். அந்தமானில் 2010இல் பெரிய வெளுப்பு, 2016இல் மறுபடியும். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். ஹேவ்லாக்கில் செத்துப்போன திட்டின் மேலேயே புதுக் கிளைப்பவளம் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். வெளுத்த இடத்தில் ஃபின் பட்டால் மீள இருந்ததும் போய்விடும், அங்கே இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ராமேஸ்வரம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, எதற்கு அந்தமான்?

நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளத்திட்டு, நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, அதனால் தீவுகளுக்கு நினைத்தபடி போய் இறங்க முடியாது, அது சரியும் கூட. அந்தத் திட்டுகளைச் சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பல காலம் வெட்டி எடுத்தார்கள், காப்புச் சுவர் போய் அலை அரித்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டு இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

நமக்கு இன்னும் பக்கம் பாக் விரிகுடா. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி போனால் கடல் வந்துவிடும். ஆழம் குறைவு, சேறு கலங்கும், பவளத்தைவிடக் கடற்புல் அதிகம், ஸ்கூபாவுக்கு ஏற்றதல்ல. ஆனால் அந்தப் புல்லைத் தின்றுதான் கடற்பசு வாழ்கிறது, அதற்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை மாங்குரோவ் படகுச் சவாரி வைத்திருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிப் போய்விட்டு அப்புறம் அந்தமானுக்கு விமானம் ஏறுங்கள்.

எப்போது, எப்படிப் போவது?

ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை. மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், தண்ணீர் கலங்கும், படகு ரத்தாகும். பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் போகிறவர்கள்தான் ஏமாந்து வருகிறார்கள். காரைக்குடியில் ரயில் ஏறினால் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம், போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது), பிறகு கப்பலில் ஹேவ்லாக்.

விடுமுறையை மாற்ற முடியாது என்றால் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி யோசியுங்கள். அங்கே உள்ள புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, கரையில் இருந்து படகில் கொஞ்ச தூரம்தான், அதற்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், அங்கே இருப்பவர்களும் தமிழ் பேசுவார்கள். மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் பெர்ஹெந்தியான் தீவுகள், அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடை சாத்திவிடுவார்கள்.

காலையில் என்ன சாப்பிடலாம்?

இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். பொங்கல், பணியாரம், கறிக்குழம்பு எல்லாம் மேலே வந்த பிறகு. தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் நாள் ராத்திரி மது வேண்டாம். படகில் குமட்டுகிறவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் என்ன உடுத்துவது? தாலியைக் கழற்ற வேண்டுமா? மாதவிடாய் நாளில் இறங்கலாமா?

வெட்சூட் கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடும், உள்ளே லெக்கிங்ஸும் டீசர்ட்டும் போதும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், வெட்சூட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் வெளியே வராது. மோதிரம், கொலுசு, தொங்கட்டான் எல்லாவற்றையும் அறையிலேயே வையுங்கள், தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். மாதவிடாய் நாளில் தாராளமாக இறங்கலாம், சுறா மோப்பம் பிடித்து வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கர்ப்பமாக இருந்தால், சந்தேகம் இருந்தால் கூட, இறங்கக் கூடாது.

பிரஷர், சுகர், ஆஸ்துமா?

இறங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். அதில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, இன்சுலின் போடும் சர்க்கரை இவற்றில் ஏதாவது இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்நார்கல் (வாயில் வைக்கும் மூச்சுக்குழாய்) போட்டு மேலேயே மிதந்தபடி பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள், இரண்டு மீட்டர் ஆழத் திட்டில் அதுவே பாதிக் காட்சியைக் காட்டிவிடும்.

எங்கள் ஆச்சி கேட்டதும் அழுகிறார்கள். என்ன சொல்லி அனுமதி வாங்க?

பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முடிந்தால் கூடவே கூட்டிப் போங்கள், அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார வைத்து அதே திட்டைக் காட்டுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலில் போய்த் தொழில் செய்த ஐயாக்களின் கதையைச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள், கடல் அவர்களுக்குப் புதிதில்லை, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது தெரியாததுதான் பயம். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார் என்பதை அவர் வாயாலேயே ஆச்சியிடம் சொல்லச் சொல்லுங்கள்.

டைவ் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா?

ஏறக் கூடாது. அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கியிருக்கும், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான் எல்லோருக்கும் சொல்வது ஒரு முழு நாள். டைவை முதலில் வைத்துக்கொண்டு, செல்லுலார் சிறை, கடைத்தெரு எல்லாவற்றையும் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள்.

நல்ல டைவ் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல்முறைக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் எனக்குத் திருப்தி. இறங்குவதற்கு முன்னால் ஆழமில்லாத தண்ணீரில் எவ்வளவு நேரம் பழக்குவீர்கள்? ஐந்து நிமிடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? இது மட்டும் நிஜமாகவே ஆக்சிஜன், அது இல்லாத படகில் ஏற வேண்டாம்.

கைச் சைகைகளை முதல் நாளே கற்றுத் தரச் சொல்லுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம், உடனே உங்களை மேலே கூட்டி வந்துவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கோப்ரோ எடுத்துப் போகலாமா?

முதல் டைவுக்கு வேண்டாம். கையில் கேமரா இருந்தால் மூச்சும் மிதப்பும் மறந்துபோய், முழங்கால் பவளத்தில் இடிக்கும். பயிற்சியாளரே எடுத்துத் தருவார், அது போதும்.